அரைத் துளைகள்

என் அக்காவின் கணவருக்குக் கடையில் வைத்த பெயர் மட்டம். சாய்வு பார்க்கிற ரசமட்டத்தைக் கையில் எடுக்காமல் அவர் எந்த ஜன்னலையும் தொட்டதில்லை, அதனால் வந்த பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அடிக்கடி மட்டம் போடுகிற ஆள் போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். எனக்குத் தெரிந்து அவர் வேலைக்கு வராமல் இருந்தது அக்காவுக்குப் பெண் பிறந்த அன்று மட்டும்தான். அன்றும் மருத்துவமனை அறையின் ஜன்னலைப் பார்த்து, "இதை யார் மாட்டினது, இடது பக்கம் இறங்கியிருக்கு" என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜன்னல்களுக்கு உள்பக்கத் திரைகள் செய்து, வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுக்கிற கடை எங்களுடையது. சுருள்கிற துணி, மடிப்பு மடிப்பாக ஏறுகிற துணி, பட்டை பட்டையாகத் திரும்புகிற அலுமினியம். எது வந்தாலும் பிளைண்ட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், நாங்களும்தான். நான் பின்னறையில் துணி வெட்டுகிறவன். அத்தான் அளவெடுப்பார், நான் வெட்டுவேன், அவர் எடுத்துப்போய் மாட்டுவார். அவர் கொடுத்த அளவில் நான் வெட்டிய துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஜன்னலின் அகலத்தை மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம் எடுத்து, எது குறைவோ அதைத்தான் அவர் குறித்துக்கொள்வார். "சுவர் நேரா இருக்கும்னு நம்பறவன் இந்த வேலைக்கு வரவே கூடாது மாப்ள" என்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை வெளியே விட்டு, ஜன்னலுக்கு அடியில் பழைய போர்வையை விரிப்பார். துளை போடும் இடத்துக்குக் கீழே சுவரில் ஒரு காகித உறையை ஒட்டி வைப்பார், தூள் முழுக்க அதில் விழுந்துவிடும். மாட்டி முடித்ததும் மேலே துணி சுற்றியிருக்கும் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் இறக்கி ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். கடைசியாக, திரையை ஏற்றி இறக்கும் மணிச்சங்கிலி. அது வளையமாகத் தொங்குவது. அப்படியே விட்டால் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். அதை விறைப்பாக இழுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கொக்கி உண்டு. பல கடைக்காரர்கள் அந்தக் கொக்கியை உறையோடு மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அத்தான் அதை மாட்டாமல் ஏணியை மடக்கியதில்லை. எங்கள் வீட்டில் குழந்தையே இல்லை என்று சொல்கிறவர்களிடமும், "விருந்தாளிக்கு இருக்கும்லம்மா" என்பார்.

இதெல்லாம் அவருடைய தோள் நன்றாக இருந்தபோது.

தோள் ஒரே நாளில் போகவில்லை. முதலில் தலை வாருவதற்கு இடது கையை எடுத்தார். பிறகு பனியனைக் கழற்ற அக்காவைக் கூப்பிட்டார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வலது கை தோள் உயரத்துக்கு மேல் போவதை நிறுத்திக்கொண்டது. போனாலும் அங்கே நிற்காது. ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கீழே இறங்கிவிடும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யவே கூடாது, அறுவை செய்தாலும் பழைய பலம் வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

"தோளுக்குக் கீழ ஜன்னல் வச்சு வீடு கட்டறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க டாக்டர், அங்க போய் வேலை பார்க்கறேன்" என்றாராம் அத்தான். டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கடையில் இதைச் சொல்ல முடியாததற்குக் காரணம், எங்களிடம் முன்பு திரை மாட்டுகிற வேலை பார்த்த ஒரு பிட்டர். அவருக்கு மூட்டு போய்விட்டது, ஏணி ஏற முடியவில்லை. முதலாளி நல்ல மனிதர்தான், அவரைத் திட்டவில்லை. ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்து, தோளில் கை போட்டு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அந்தப் பிட்டர் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. அங்கே வேலைக்குப் போனால் கேட்டில் எழுந்து நின்று அத்தானையே "வாங்க சார்" என்பார். அத்தான் அந்தக் குடியிருப்புக்குப் போய்விட்டு வரும் நாட்களில் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார்.

கையை மேலே கொண்டுபோக முடியாதவர், உடம்பையே மேலே கொண்டுபோனார். மடக்கு ஏணியின் உச்சிப் படியில் யாரும் நிற்கக் கூடாது. பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அத்தானே எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார். இப்போது அவரே அங்கே ஏறி நின்றார். அப்போதுதான் துளை போடும் இடம் அவருடைய மார்பு உயரத்துக்கு வரும். எனக்கு இது தெரிந்தது அவருடைய தலையை வைத்து. பிட்டர்களுக்கு அண்ணாந்து பார்த்துத் துளை போடுவதால் சிமெண்ட் தூள் புருவத்திலும் மூக்கிலும்தான் இருக்கும். அத்தானுக்கு உச்சந்தலையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, கூரையில் முட்டிய தலை. ஒரு நாள் சாயங்காலம் என் மருமகள் அதைப் பார்த்து, "அப்பாவுக்கு ஒரே நாள்ல நரைச்சுடுச்சு" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

அவள் ஏழு வயதுக்காரி. பொம்மைகளுக்குச் சமைப்பது அவளுடைய முழுநேரத் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தட்டில் ஏதோ நறுக்கி வைத்துக்கொண்டு, "மாமா, காய் நறுக்கியிருக்கேன், உப்பு சரியா இருக்கா பாருங்க" என்று நீட்டினாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள். அப்பா சட்டைப் பையிலிருந்து கொட்டியது என்று அக்கா சமையலறையிலிருந்து சொன்னாள். துவைக்கும்போதெல்லாம் வருகிறதாம், குப்பையில் போடப்போனால் இவள் விடுவதில்லையாம்.

நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அது பிளக்கின் நுனி. சுவரில் துளை போட்டதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழலை அடித்து, அதற்குள்தான் திருகாணியை முறுக்குவோம். குழல் உள்ளே விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும், அதைத்தான் பிளக் என்கிறோம். கவ்வுவது அந்த நுனிப் பகுதிதான். என் கையில் இருந்த நுனி ஒடிந்ததல்ல. நாளெல்லாம் வெட்டுகிறவனுக்குக் கத்தி பட்ட இடம் தெரியும்.

அத்தான் பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் கழுவுகிறவரின் முகம் ஒரு பக்கம் மட்டும் நனையும். நான் துண்டுகளைக் காட்டினேன். அவர் குழாயை மூடிவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட். அதில் துளை இறங்க வேண்டுமென்றால் மிஷினைத் தோள் கொடுத்து அழுத்த வேண்டும். அவரால் பாதி ஆழத்துக்கு மேல் அழுத்த முடியவில்லை. பாதித் துளையில் முழு பிளக் போகாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பாதியை வெட்டிவிட்டு, குட்டைத் திருகாணி போட்டிருக்கிறார். குழாயைத் தாங்குகிற தகடு மேலே வந்து மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மட்டமாக, அழகாக, எப்போதும் போல இருக்கும். மாட்டி முடித்ததும் இழுத்துப் பார்ப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். இழுத்தால் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"எத்தனை வீடு அத்தான்?"

"எண்ணலை மாப்ள. எண்ணினா மறுநாள் ஏணி ஏற முடியாது."

முதலாளியிடம் சொல்லிவிடலாமே என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடியே, "சொல்லிட்டு? கேட்ல உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே வாங்க சார்னு சொல்லிக்கவா?" என்றார். பிறகு துண்டுகளை என் கையிலிருந்து வாங்கி, குழந்தை தேடுவாள் என்று சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

முதல் திரை ஒரு கணக்கர் அலுவலகத்தில் விழுந்தது. மேஜைமேல், தேநீர்க் கோப்பைமேல். ஆள் அந்தச் சமயத்தில் கைகழுவப் போயிருந்தார். முதலாளி பிளக் விற்கிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அது பிளக்கா பிஸ்கட்டாய்யா? தேநீர்ல விழுந்து கரைஞ்சுபோச்சு" என்று ஒரு பிடி பிடித்தார். கடையே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து விலை கூடிய, கெட்டியான பிளக் வாங்க ஆரம்பித்தார். கெட்டியானதை வெட்டுவது கஷ்டம். அத்தான் என்னிடம் வந்து, துணி வெட்டும் பழைய கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். எங்கிருந்தோ வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது ஒரு வீட்டில், சாப்பாட்டு நேரத்தில். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் முழங்கையில் சிராய்ப்பு. அதைத் திரும்ப மாட்டப் போனவன் எங்களுடைய இன்னொரு பிட்டர். ஒட்டகம் என்று பெயர். பாதி ஜன்னல்களுக்கு ஏணி இல்லாமலே எட்டுகிறவன், கோபக்காரன், ஆனால் அத்தானை அண்ணே என்றுதான் அழைப்பான். திரும்பி வந்தவன் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"ஏண்ணே, அந்த வீட்டு கான்கிரீட் ரொம்ப கெட்டியோ? துளை பாதியிலயே நிக்குதே."

"உள்ள கம்பி பட்டிருக்கும்பா."

"எல்லாத் துளையிலயுமா?"

அத்தான் தன் கோப்பைக்குள் பார்த்தார். ஒட்டகம் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் கடைக்குள் வரும்போதும் போகும்போதும் அத்தானைத் தாண்டிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்று அத்தான் நினைத்தாரோ என்னவோ. ஒரு நாள் கடைக்குத் திரும்பும் வழியில் ஒரு தெருவில் நின்று, முன்பு தான் திரை மாட்டிய ஜன்னலை அண்ணாந்து பார்த்திருக்கிறார். அது ஓர் இளம் தம்பதியின் வீடு. மாட்டப் போனபோது அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம், அறை காலியாகக் கிடந்தது, சுவருக்கு அப்போதுதான் வண்ணம் அடித்திருந்தார்கள். தொட்டிலை எங்கே போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். எதிர்ச் சுவரோரம் என்று அவள் காட்டியிருக்கிறாள். இப்போது தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிலின் மரக்கம்பிகள் தெரிந்தன. அறையின் முழு அகலத்துக்கும் போட்ட திரை அது. நான் வெட்டியதுதான். அதன் குழாயை இரண்டு பேர் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினோம்.

அத்தான் சாப்பிடுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அக்கா என்னிடம் சொன்னாள். விடுமுறை அன்று காலையில் அவரே வந்து, "ஏணியைத் தூக்கிக்கிட்டு என்கூட ஒரு இடம் வரைக்கும் வா மாப்ள" என்றார். உண்மையைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தார் என்பது அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார் அத்தான். அந்த அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரை பாதி இறங்கி, வெளிச்சம் தொட்டிலின் கால்மாட்டில் மட்டும் விழுந்திருந்தது. அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தொட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டா நல்லதும்மா. இங்க வெயில் படும்."

"வெயில் படக்கூடாதுன்னுதானே உங்ககிட்ட பிளைண்ட்ஸ் போட்டோம்?"

"இல்ல, சங்கிலி பக்கத்துல இருக்கு. குழந்தை எட்டிப் பிடிச்சா..."

"அதுக்குத்தான் நீங்களே கொக்கி போட்டு இறுக்கிட்டீங்களே. எவ்ளோ நேரம் சொல்லிக் கொடுத்தீங்க அன்னைக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட அப்புறம் நான் சொன்னேன், பெத்தவங்ககூட இவ்ளோ யோசிக்கமாட்டாங்கன்னு."

அவள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அத்தான் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அது விழும்மா" என்றார்.

"எது?"

"மேல இருக்கறது. நான் ஒழுங்கா மாட்டலை. எனக்குத் தோள் போயிடுச்சு. துளை பாதிதான் போட்டேன், யார்கிட்டயும் சொல்லலை. குழந்தையை எடுத்துருங்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போய்க் குழந்தையைத் தூக்கினாள், அது விழித்துக்கொண்டு அழுதது. அடுத்த அறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து, "இப்பவே கழட்டுங்க" என்றாள். ஏணியில் நான்தான் ஏறினேன். திருகாணியை ஒரு சுற்றுத்தான் சுற்றினேன். மீதி கையோடு வந்துவிட்டது, ஆடுகிற பால் பல் வருகிற மாதிரி. குழாயின் அந்த முனை கீழே சரிந்தபோது அத்தான் இடது கையை நீட்டித் தாங்கிக்கொண்டார். நாங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் முதலாளியின் அறையில் நடந்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் இருந்து நான் பார்த்தேன். பாதி காதில் விழுந்தது, மீதியை அத்தான் பிறகு சொன்னார். முதலாளி உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்தார். சட்டைத் துணி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எந்தெந்த வீடு என்று கேட்டார். அத்தானுக்குச் சிலதுதான் ஞாபகம் வந்தது. தோள் நன்றாக இருந்த நாளிலும் கெட்ட நாளிலும் மாறி மாறி மாட்டியிருக்கிறார். எது முழுத் துளை, எது அரைத் துளை என்று அவருக்கே தெரியாது. எல்லா வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிடலாம், நானே கூட வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார்.

"வீடு வீடாப் போய், உங்க தலையில விழும் பார்த்துக்கங்கன்னு சொல்லப் போறியா?" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு நான் இன்னைக்கே ஷட்டரை இறக்கிட்டுப் போயிடலாம்."

முடிவில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையோ கட்டிலோ ஜன்னலுக்குக் கீழே இருந்ததாக அத்தானுக்கு ஞாபகம் இருக்கிற வீடுகளுக்கு ஒட்டகம் இலவச சர்வீஸ் என்று போய்ச் சரிசெய்துவிட்டு வருவான். மற்றவை விழும்போது விழட்டும். அத்தான் இனி மிஷினைத் தொடக் கூடாது. ஆனால் வேலையை விட்டும் போக வேண்டாம். வெளியே போனால் எங்கே போய் என்ன சொல்வாரோ என்ற பயம் ஒன்று. இன்னொன்று, திரை விழுந்த வீட்டில் யாராவது நின்று திட்டு வாங்க வேண்டும், ஒட்டகத்தை அனுப்பினால் அவன் திருப்பித் திட்டுவான். "நீ மாட்டினதுக்கு நீயே போய் நில்லு. நம்ம தப்புன்னா நீயும் போ. வீட்டுக்காரங்க தப்புன்னா ஒட்டகம் மட்டும் போவான்" என்று சொல்லிவிட்டார். சம்பளம் குறைந்தது. எவ்வளவு என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதுதான் அத்தானின் புதிய வேலை. கடையில் அதற்குப் பெயர் கிடையாது. மட்டம் என்ற பெயரும் மெல்ல நின்றுபோனது, யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. புகார் வந்தால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒட்டகத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவார். அவன் ஏணியில் ஏறுவான், இவர் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் நிற்பார். அவன் மாட்டி முடிக்கிறவரைக்கும் அவர்கள் திட்டுவார்கள். ஆரம்பத்தில் திரும்பி வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு பழகிவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டுகிறவர்களைவிட, திட்டிவிட்டுத் தண்ணீர் கொடுக்கிறவர்கள் மேல் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். குடித்த தண்ணீர் உள்ளே இருக்கும்போது வாங்கிக்கொள்வது கஷ்டமாம்.

ஒட்டகம் அவரோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான். வண்டியில் ஏறும்போது, "பார்த்துப் பிடிச்சுக்கண்ணே, உன்னைக் கீழ போட்டுட்டுப் போனா அங்க எல்லாம் நான்தான் வாங்கணும்" என்பான்.

அக்காவுக்கு முதலில் தொலைபேசி மணியே ஆகாது. ஒலித்தால் எங்கோ யார் தலையிலோ என்று அப்படியே நின்றுவிடுவாள். சில மாதம் போனதும் மணி அடிப்பது குறைந்தது. விழ வேண்டியவை பெரும்பாலும் விழுந்து முடிந்திருக்கலாம், அல்லது நிற்கப்போகிறவை நின்றிருக்கலாம். அது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியில் அத்தான் காலையில் கடைக்கு வந்து, துணி உருளைகளைத் துடைத்து, நான் வெட்டிப் போட்ட துண்டுகளைப் பெருக்கி, மதியம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி ஒரு நாள் போகிற போக்கில், "இந்த மாசம் ஒண்ணும் விழலை போல" என்றார். அன்று சாயங்காலம் நான் போனபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"யார் மேலயும் படக்கூடாதுடா. படாம விழட்டும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சொன்னது தான் இல்லை என்பதுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு புகார் வந்தது. துணியும் கிழிந்துவிட்டதால் புதிதாக அளவெடுக்க என்னையும் அனுப்பினார்கள். அத்தான் வண்டியிலேயே இரண்டு முறை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நடுத்தர வயதுத் தம்பதி, மாடி வீடு. திரை கூடத்தின் தரையில் கிடந்தது. கணவர் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். மனைவி எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டாள். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லைங்க. நான் உள்ளதைச் சொல்லிடறேன். இவர் பல்பு மாத்தறேன்னு சக்கரம் வச்ச நாற்காலியில ஏறினார். அது நகர்ந்துடுச்சு, கையில கிடைச்சதைப் பிடிச்சுத் தொங்கிட்டார். ஆளைக் கூப்பிட்டுக்கலாம்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்கலை."

கணவர் தரையைப் பார்த்தார். ஒட்டகம் ஏணியை விரித்து நிறுத்திவிட்டு, அத்தானைப் பார்த்தான். அவர்கள் தப்பு என்றால் அவன் மட்டும் போதும். அத்தானுக்கு அங்கே வேலை இல்லை. அவர் போய்ப் படிக்கட்டில் காத்திருக்கலாம், கடைக்குத் திரும்பியதும் அதையே முதலாளியிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தான் நகரவில்லை.

"இல்லம்மா. அவரைச் சொல்லாதீங்க. ஒழுங்கா மாட்டியிருந்தா ஒரு ஆள் பிடிச்சாகூட வராது. இது எங்க தப்புதான். மாட்டினதே நான்தான்."

அந்த வீட்டுத் திரை எங்கள் கடையில் வாங்கியதுதான். அதை மாட்டியது அத்தானா ஒட்டகமா என்பது எனக்குத் தெரியாது. ஒட்டகத்துக்குத் தெரிந்திருக்கும். அவன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஏணியில் ஏறினான்.

சோபாவில் இருந்தவர் நிமிர்ந்தார். முகத்துக்கு மெதுவாக ரத்த ஓட்டம் திரும்பியது.

"பார்த்தியா" என்றார் மனைவியிடம். "ரெண்டு நாளா நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? பார்த்தியா? இவரே சொல்றார்." கட்டுப்போட்ட கையை ஏந்திக்கொண்டு எழுந்து வந்தார். "ஏன்யா, மனுஷன் உயிரோட விளையாடறீங்களா? கொஞ்சம் தப்பியிருந்தா என் மண்டை என்ன ஆகியிருக்கும்?"

ஆரம்பத்தில் அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. போகப்போக வந்தது. மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். நான் அளவு நாடாவை எடுத்து ஜன்னலின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று எடுத்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேல் ஒட்டகம் மிஷினை ஓட்ட ஆரம்பித்தான், கூடம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் தன் குரல் அமுங்கிப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை, இன்னும் உரக்கத் திட்டினார். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் தொண்டை வலிக்காமல் பேசட்டும் என்பதுபோல, ஓரடி கிட்டே போய் நின்றார்.